எழுத்தும் வாழ்வும் ஒன்றாய் நின்றவர்: ஜி. சுப்பிரமணிய ஐயர்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் நீங்கி வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு மூன்று மொழிகள் வழங்குவது இயல்பு. அலுவலகத்தில் ஆங்கிலம்; கடைவீதியில் அவ்வவ்வூர் மொழி; அடுக்களையிலும் கூடத்திலும் தமிழ். இவ்வாறு மொழிகளுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்ட நாம், நாளடைவில் ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறோம். உண்ணவும் உறவாடவும் தமிழ் போதும். அரசியல், பொருளாதாரம், சட்டம் முதலிய பெரிய செய்திகளைப் படிக்கவும் பேசவும் ஆங்கிலமே வேண்டும் என்பதே அம்முடிவு. நம் பிள்ளைகளும் அதனை நம்மிடமிருந்து சொல்லாமலே கற்றுக்கொள்கின்றனர்.

இவ்வெண்ணம் நம் தலைமுறையில் தோன்றியதன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, கற்ற தமிழர் பலரின் நெஞ்சில் அது வேரூன்றியிருந்தது. அக்காலத்தில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைத் திறம்பட நடத்திப் புகழ்பெற்ற ஒருவர், அப்புகழோடு அமையாது, தமிழிலும் ஒரு பத்திரிகை கண்டார். பின்னர் ஆங்கிலப் பத்திரிகையை விட்டு விலகி, தமிழ்ப் பத்திரிகைக்கே தம் எஞ்சிய வாழ்நாளை ஒப்படைத்தார். எழுதியதைத் தம் வீட்டில் செய்தும் காட்டினார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். அவரே ஜி. சுப்பிரமணிய ஐயர். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒருமுறையேனும் படித்தறிதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

தஞ்சை மாவட்டத்தில், காவிரியின் கரையில் அமைந்த திருவையாறு என்னும் தலத்தை அறியாத தமிழர் இலர். தியாகராச சுவாமிகள் வாழ்ந்து இசை வளர்த்த அவ்வூரில், 1855-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். தந்தையார் கணபதி ஐயர் உள்ளூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தியவர். ஆண்மக்கள் எழுவருள் ஒருவராகப் பிறந்த நம் ஐயர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆகவே, செல்வத்தின் துணையால் கற்றவர் அல்லர் அவர். முயற்சியின் துணையால் கற்றவர்.

தஞ்சையில் பள்ளிப் படிப்பையும் கல்லூரியின் தொடக்கப் படிப்பையும் முடித்தபின், சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்றார். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே, தாமாகப் படித்து 1877-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்த் திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராகவும் அமர்ந்தார். வகுப்பறையில் பழகிய தெளிவு அவருடைய எழுத்திலும் பின்னாளில் விளங்கிற்று. அணிநலம் காட்டுவதைவிட, படிப்பவர்க்கு விளங்கவேண்டும் என்பதிலேயே அவர் கருத்து நின்றது.

ஒன்றேமுக்கால் ரூபாய்க் கடன்

1878-ஆம் ஆண்டு. 1876 முதல் மூன்றாண்டுகள் தென்னாட்டைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தின் வடு இன்னும் ஆறவில்லை. அவ்வாண்டில் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பெற்றார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. வறிய குடும்பத்தில் பிறந்து, அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்த அவரை அப்பதவியில் அமர்த்தியது தகாது என்று, ஆங்கிலேயர் சென்னையில் நடத்திவந்த பத்திரிகைகள் எழுதின. இந்தியர் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க இந்தியர் கையில் வலிமையுள்ள பத்திரிகை இல்லை.

இதனைக் கண்டு மனம் பொறாத இளைஞர் அறுவர் திருவல்லிக்கேணியில் ஒன்று கூடினர். சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. அவருடைய நண்பர் எம். வீரராகவாச்சாரியாருக்கு வயது 21, அவரும் ஆசிரியர். மற்ற நால்வராகிய டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்துலு, என். சுப்பாராவ் பந்துலு ஆகியோர் சட்டம் பயின்றுவந்த மாணவர். ஒருவரிடத்தும் முதல் இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டணா, அதாவது ஒன்றேமுக்கால் ரூபாய், கடன் வாங்கினர். 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் ‘தி இந்து’ என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. அச்சிட்ட படிகள் எண்பதே!

சட்ட மாணவர் நால்வரும் தேர்வு பெற்றுத் தொழிலை நாடிச் சென்றுவிட்டனர். அது குற்றமன்று, அவரவர் குடும்பம் அவரவர்க்கு உண்டு. எஞ்சி நின்றவர் ஆசிரியர் இருவரே. சுப்பிரமணிய ஐயர் எழுதும் பொறுப்பையும், வீரராகவாச்சாரியார் நிருவாகப் பொறுப்பையும் ஏற்றனர். இவ்விருவர் உழைப்பால் வாரப் பத்திரிகை 1883-இல் வாரம் மும்முறை வெளிவரலாயிற்று. 1889 ஏப்பிரல் முதல் நாள் நாளிதழாக மலர்ந்தது. ஆள்வோர் படிக்கும் மொழியில், ஆள்வோரின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்த அப்பத்திரிகை, சென்னை மாகாணத்தின் குரல் என மதிக்கப்பெற்றது.

தமிழ்மொழியில் ஒரு நண்பன்

ஆங்கிலப் பத்திரிகை வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஐயருடைய உள்ளத்தில் வேறொரு கவலை புகுந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் ஆள்வோர் படிப்பர்; ஆங்கிலம் கற்ற சிலரும் படிப்பர். பஞ்சத்தில் மாண்ட உழவனுக்காக எழுதிய கட்டுரையை, பிழைத்திருக்கும் உழவன் படிக்க வழியில்லை. தறியை இழந்த நெசவாளிக்காக எழுதியது அவன் செவிக்கு எட்டுவதில்லை. யாருக்காக வழக்காடுகிறோமோ அவர்களே அறியாவண்ணம் வழக்காடுவது எங்ஙனம் முறையாகும்?

இக்கவலையின் பயனாக 1882-இல் ‘சுதேசமித்திரன்’ பிறந்தது. சொந்த நாட்டின் நண்பன் என்பது அப்பெயரின் பொருள். முதலில் வாரப் பத்திரிகையாக வெளிவந்து, 1899-இல் அது நாளிதழாயிற்று. இந்தியர் நடத்திய தமிழ் நாளிதழ்களுள் முதலாவது என்னும் பெருமை அதற்கு உண்டு.

இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று இம்முயற்சி எத்துணைக் கடினமாக இருந்திருக்கும் என்பதைச் சற்றே எண்ணிப்பார்த்தல் வேண்டும். தமிழில் உரைநடையே இளம்பருவத்தில் இருந்த காலம் அது. பக்தி நூல்களுக்கும் இலக்கிய உரைகளுக்கும் ஏற்ற நடை இருந்தது. வரவுசெலவுத் திட்டம், நிலவரி, நாணய மாற்று, சட்டசபை விவாதம், அயல்நாட்டுப் போர் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுதற்கு ஏற்ற நடை அமையவில்லை. தந்திச் செய்தியோ ஆங்கிலத்தில் வரும். அதனை அன்றே தமிழாக்கி, அன்றே அச்சுக்கோத்து, அன்றே வெளியிடல் வேண்டும். அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது? ஆங்கிலத்திலேயே கல்வி பயின்று ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய ஐயருக்குத் தமிழ் நடை தானாக வந்து கைகொடுத்ததன்று. எழுதி எழுதியே அதனைப் பழக்கிக்கொண்டார். அந்நடையில் வடசொற்கள் மிகுதி. இக்காலத்துச் செவிக்குச் சில தொடர்கள் கரடுமுரடாகவும் தோன்றலாம். எனினும், தமிழ்நாட்டு அரசியல் தமிழிலேயே பேசப்படுவதற்கு வழி வெட்டியோருள் அவர் முதன்மையானவர்.

எழுதியதோடு அவர் அமைந்தாரில்லை. மாவட்டங்கள்தோறும் சென்று பொதுக்கூட்டங்களில் தமிழிலேயே பேசினார். கற்றோர் மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதே பெருமை எனக் கருதப்பெற்ற காலத்தில், அது பலர்க்கும் புதுமையாக இருந்தது.

முதல் தீர்மானம்

1884-இல் சென்னை மகாஜன சபை நிறுவப்பெற்றபோது, அதனைத் தோற்றுவித்தோருள் ஐயரும் ஒருவர். அடுத்த ஆண்டு, 1885 டிசம்பர் 28-ஆம் நாள், அந்நாளில் பம்பாய் எனப்பெற்ற மும்பையில், கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு கூடிற்று. நாட்டின் பல பகுதிகளினின்றும் வந்த பிரதிநிதிகள் 72 பேர். அம்மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் சுப்பிரமணிய ஐயரே. இந்திய ஆட்சி நடைபெறும் முறையை ஆராய அரசக் குழு ஒன்று அமைத்தல் வேண்டும் என்பதே அத்தீர்மானம்.

மும்பையில் வாழும் நம் உறவினர் பலர் அக்கல்லூரி இருந்த இடத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லக்கூடும். இந்நாட்டு விடுதலை இயக்கத்தின் முதல் தீர்மானம், திருவையாற்றில் பிறந்த ஒரு தமிழ்ப் பத்திரிகாசிரியர் வாயினின்று அவ்விடத்தே எழுந்தது என்பதைத் தம் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லி மகிழலாம்.

தம் இல்லத்தில் தொடங்கிய சீர்திருத்தம்

ஐயருடைய வாழ்க்கையில் நாம் மிகவும் நின்று நோக்கவேண்டிய பகுதி இதுவே.

சிறுமியரை மணமுடித்துக் கொடுப்பதும், மணமகன் இறந்தபின் அச்சிறுமியரை வாழ்நாள் முழுதும் கைம்மை நோன்பில் அடைப்பதும் அந்நாளைய உயர்குடிகளில் வழக்கமாயிருந்தன. கணவன் முகத்தையே அறியாத குழந்தைகள்கூடத் தலைமழித்து, ஒருவேளை உண்டு, மங்கல நிகழ்ச்சிகளில் முன்வராது மூலையில் ஒடுங்கினர். கைம்பெண் மறுமணம் சட்டப்படி செல்லும் என்று 1856-இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆயினும், சட்டம் இருந்தும் மணம் நடக்கவில்லை. ஆந்திர நாட்டில் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு 1881-இல் இராசமகேந்திரபுரத்தில் முதல் மறுமணத்தை நடத்திவைத்தார். சென்னையில் இதனை ஆதரித்துப் பேசியோர் பலர், எழுதியோரும் பலர். தம் வீட்டில் அதற்கு இடங்கொடுத்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஐயரும் தம் பத்திரிகைகளில் இதனை ஆதரித்து எழுதிவந்தார். அவருடைய மூத்த மகள் சிவப்பிரியம்மாள் இளம் பருவத்திலேயே கணவனை இழந்தார். ஊருக்கு உபதேசம் செய்தவர் இனி என் செய்வார் என்று பலர் பார்த்திருந்தனர். நம்மைப் போன்ற குடும்பத்தவர்க்கு அந்நிலை நன்கு விளங்கும். பின்னால் மணமாகவேண்டிய மக்கள் உண்டு; உடன்பிறந்தார் குடும்பங்கள் உண்டு; நாளை ஒரு நல்லதும் கெட்டதும் நேர்ந்தால் வந்து நிற்கவேண்டிய சுற்றம் உண்டு. பத்திரிகையில் எழுதுவது வேறு, வீட்டுநிலை வேறு என்று சொல்லி ஒதுங்கியிருந்தால் அவரைக் குறைகூற அன்று எவரும் இலர்.

அவர் ஒதுங்கவில்லை. 1889 டிசம்பரில் காங்கிரசு மாநாடு மீண்டும் மும்பையில் கூடியபோது, அந்நகரிலேயே தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். ‘தி இந்து’ நாளிதழாகி அவர் புகழ் ஓங்கி நின்ற அதே ஆண்டு அது.

அதன் பயன் உடனே விளைந்தது. சுற்றத்தார் அவரை விலக்கினர். வைதிகர் அவரோடு உண்ணவும் கலக்கவும் மறுத்தனர். பத்திரிகையைப் படித்துப் பாராட்டியோரிலும் பலர் வீட்டுவாயிலில் அவரைக் காண விரும்பவில்லை. அரசாங்கத்தை எதிர்த்து எழுதும் ஆசிரியரைப் போற்றிய ஊர், தன் வழக்கத்தை எதிர்த்துச் செயலாற்றிய தந்தையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஐயர் தம் செயலுக்கு வருந்தினாரல்லர். சீர்திருத்தம் பற்றி எழுதுவதையும் நிறுத்தினாரல்லர். அவர் பெயரை நினைக்கும்போது, ஊராரின் பழிச்சொற்களுக்கிடையே புதுவாழ்வு தொடங்கிய அம்மகளையும் நாம் உடன் நினைத்தல் தகும்.

கடல் கடந்த தமிழருக்காக

1896-ஆம் ஆண்டு அக்டோபரில் இளம் வழக்குரைஞர் ஒருவர் தென்னாப்பிரிக்காவினின்று சென்னைக்கு வந்தார். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் படும் துன்பத்தைத் தாய்நாட்டில் எடுத்துரைப்பதே அவர் வருகையின் நோக்கம். அக்கூலிகளுள் தமிழர் மிகப் பலர். எசமானனால் அடிக்கப்பெற்றுப் பற்கள் உடைந்து, அழுதுகொண்டு காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியின் கதையை அறிந்திருந்த சென்னை மக்கள், பச்சையப்பன் மண்டபத்தில் திரளாகக் கூடிக் காந்தியின் உரையைக் கேட்டனர். அவ்வருகையின்போது தமக்கு ஆதரவு காட்டியோருள் ‘இந்து’ ஆசிரியர் சுப்பிரமணிய ஐயரையும் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

ஊரை விட்டுச் சென்றவர் உறவை விட்டுச் சென்றவர் அல்லர் என்று நாட்டில் உள்ளோர் எண்ணவேண்டும். இது, வெளியூரில் வாழும் நாம் அனைவரும் விரும்புவது. அவ்வெண்ணம் பத்திரிகைகளின் வாயிலாகத்தான் அந்நாளில் பரவிற்று.

வறுமையின் கணக்கு

ஐயர் பத்திரிகாசிரியர் மட்டும் அல்லர். பொருளாதார நூலாசிரியரும் ஆவார். இந்தியாவின் செலவினங்களை ஆராய 1895-இல் அமைக்கப்பெற்ற வெல்பி குழுவின் முன்பு, 1897-இல் இலண்டன் சென்று சான்று கூறினார். கோகலே, தின்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரும் அக்குழுவின் முன் சான்று கூறியவர்களே. 1885-இல் மும்பையில் எத்தகைய விசாரணை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாரோ, அதில் ஒரு பகுதியேனும் நடைபெற்றபோது, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தாமே அதன் முன் நின்றார்.

1903-இல், பிரித்தானிய ஆட்சியின் பொருளாதாரக் கூறுகள் சிலவற்றைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளிவந்தது. இந்தியாவின் வறுமைக்குக் காரணம் மக்களின் சோம்பலோ, வானம் பொய்த்தலோ மட்டுமன்று என்பதே அவருடைய வாதம். நாட்டுக் கைத்தொழில்கள் நசிந்தன. தொழிலிழந்தோர் அனைவரும் நிலத்தையே நாடி வீழ்ந்தனர். நிலத்தின்மீது வரிச்சுமை ஏறிற்று. நாட்டின் செல்வமோ கடல் கடந்து ஒழுகிற்று. இங்கிலாந்துக்கு ஏற்ற தடையில்லா வாணிகக் கொள்கை, தொழில் இன்னும் வளராத இந்தியாவுக்கு ஏற்றதன்று. நம் தொழில்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். உள்நாட்டு ஆலை முதலாளிகளை ஆதரிப்பதே தேசபக்தி எனப் பலர் கருதிய காலத்தில், தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துத் தம் உரிமைக்குப் போராடுதல் வேண்டும் என்று எழுதியவரும் அவரே.

இப்பொருளாதாரச் செய்திகளை அவர் ஆங்கில நூலுக்குள் பூட்டி வைக்கவில்லை. அவற்றையே சுதேசமித்திரனில் தமிழில் எழுதினார். வரி, வாணிகம், கூலி என்பன பற்றித் தமிழ் மகன் ஒருவன் திண்ணையில் அமர்ந்து வாதிடக்கூடும் என்று நம்பினார், அந்நம்பிக்கை பொய்க்கவில்லை.

ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு

இதற்கிடையே, ‘தி இந்து’ பத்திரிகையில் கடன்சுமை பெருகிற்று. சமூகச் சீர்திருத்தத்தில் ஐயர் காட்டிய தீவிரம் வாசகர் பலர்க்குக் கசந்தது. கூட்டாளி இருவரிடையேயும் கருத்து வேறுபாடு வளர்ந்தது. 1898-இல் ஐயர் ‘இந்து’வைவிட்டு விலகினார். ஒன்றேமுக்கால் ரூபாய்க் கடனில் தொடங்கி இருபது ஆண்டுகள் வளர்த்த பத்திரிகை அது. வீரராகவாச்சாரியார் சில ஆண்டுகள் தனியே நடத்திய பின், 1905-இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதனை வாங்கினார். இன்றும் அது சென்னையினின்று வெளிவருகின்றது.

விலகிய ஐயர் சுதேசமித்திரனைத் தம் முழுப்பொறுப்பாகக் கொண்டார். மறுஆண்டே அது நாளிதழாயிற்று. பணமும் செல்வாக்கும் ஆங்கிலப் பத்திரிகையின் பக்கமே இருந்தன. தமிழ் நாளிதழுக்கு விளம்பரம் குறைவு. படிப்போர் சிதறிக் கிடந்தனர். எழுதுவோரைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

அவ்வாறு தேடியபோது கிடைத்தவரே சுப்பிரமணிய பாரதியார். 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த அவ்விளைஞரை, ஐயர் சென்னைக்கு அழைத்துக்கொண்டு சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் ஆக்கினார். அப்போது பாரதியாருக்கு வயது 21. ஆங்கிலத் தந்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்கும் பணி அவருக்கு வந்தது. பாரதியாரின் உரைநடையில் நாம் காணும் விரைவும் எளிமையும் அப்பட்டறையில் பழகியவை. ஐயர் நிதானமானவர், பாரதியாரோ கனல். 1906-இல் ‘இந்தியா’ வார இதழின் பொறுப்பை ஏற்றுப் பாரதியார் தம் வழியே சென்றார். ஆயினும், 1920-இல் அவர் மீண்டும் வந்து சேர்ந்த இடம் அதே சுதேசமித்திரன். அப்போது ஐயர் உயிரோடு இல்லை.

சிறையும் நோயும்

1905-க்குப் பின் நாட்டின் மனநிலை மாறிற்று. வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் நிதானக்காரரையும் உலுக்கின. ஐயருடைய எழுத்திலும் சூடேறிற்று. திலகர் பக்கம் அவர் கருத்துச் சாய்ந்தது. 1908 மார்ச்சில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ. சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பெற்றார். நெல்லையில் கலகம் மூண்டது. ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுச் சிறை. ஆகஸ்டில், சுதேசமித்திரனில் வெளிவந்த கட்டுரைகளுக்காக ஐயரையும் அரசு நிந்தனைக் குற்றத்தின்மீது கைது செய்தனர். அப்போது அவருக்கு வயது 53. உடல்நிலை மிகவும் சீர்கெட்டிருந்தமையால், நெடுஞ்சிறை நேராமல் விடுவிக்கப்பெற்றார்.

அவரை வாட்டிய நோய் கொடியது. உடலெங்கும் புண்கள் தோன்றி ஆறாமல் வருத்தின. அக்காலத்தில் அத்தகைய நோயாளரை அணுகவே மக்கள் அஞ்சினர். மகள் மறுமணத்தால் முன்பே சுற்றம் விலகியிருந்த இல்லத்தில், இப்போது நோயின் காரணமாகவும் வருவோர் குறைந்தனர். 1915-இல் சுதேசமித்திரன் ஏ. ரங்கசாமி ஐயங்காரின் கைக்கு மாறிற்று.

அவ்வாண்டு ஏப்பிரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், பெயர் அறியப்படாத இளம் வழக்குரைஞராக வந்தபோது ஆதரவு காட்டியவரை அவர் மறந்தாரில்லை. இல்லம் தேடிச் சென்று கண்டார். பலரும் தொட அஞ்சிய அப்புண்களைத் தம் மேலாடையாலேயே துடைத்தார் என்று ஐயரின் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். அடுத்த ஆண்டு, 1916 ஏப்பிரல் 18-ஆம் நாள், ஐயர் மறைந்தார். வயது 61.

நாம் கொள்ளத்தக்கது

சுதேசமித்திரன் அவருக்குப் பின்னும் பல பதின்ஆண்டுகள் வெளிவந்து, பின்னர் நின்றுபோயிற்று. அதன்பின் எத்தனையோ தமிழ் நாளிதழ்கள் தோன்றிவிட்டன. செய்தியைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்று எவரும் கேட்பதில்லை. கேட்காதிருப்பதே அவருடைய வெற்றி.

ஆனால், நம் போன்ற வெளியூர்க் குடும்பங்களில் அவ்வினா வேறு வடிவில் இன்னும் இருக்கின்றது. பிள்ளைகள் தமிழில் பேசுகின்றனர், படிக்க அறியார். பாட்டிக்குக் கடிதம் எழுதச் சொன்னால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகின்றனர். பொங்கல் விழாவில் தமிழ் வாழ்க என முழங்கும் நாமே, வீட்டுக்கு வந்ததும் மகனுடைய தேர்வைப் பற்றியும் மகளுடைய வேலையைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறோம். முக்கியமான செய்தி என்றால் தமிழ் ஒதுங்கிக்கொள்ளவேண்டும் என்று அப்பிள்ளைகள் நினைத்தால், பிழை யாருடையது?

ஐயர் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர் என்பதை மறத்தல் கூடாது. அம்மொழியில் நூல் எழுதினார். இலண்டனில் சான்று கூறினார். யாரிடம் பேசுகிறோமோ அவர் மொழியில் பேசவேண்டும் என்பதே அவர் கொள்கை. நம் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் நாட்டு நடப்பைப் பேசத் தமிழே உரியது. வாரத்துக்கு ஒருநாள், இரவு உணவுக்குப் பின், ஒரு தமிழ் நாளிதழின் கட்டுரையைப் பிள்ளைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றையோர் கேட்டுக் கருத்துச் சொல்லும் பழக்கத்தைத் தொடங்கலாம். திரைச் செய்தியை மட்டும் படிக்காமல், வரி, விலைவாசி, தேர்தல், பயிர் ஆகியன பற்றிய கட்டுரைகளைப் படிக்கச் செய்யவேண்டும். தடுமாறித்தான் படிப்பர், தடுமாறட்டும். ஐயரும் தடுமாறித்தான் எழுதப் பழகினார்.

இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. அது சற்றுக் கசப்பானது. வரதட்சிணை கூடாது என்று நம் சங்கக் கூட்டங்களில் பேசுகிறோம், கைதட்டுகிறோம். ஊரில் சாதி வேறுபாடு பாராட்டுவோரைக் குறைகூறுகிறோம். நம் வீட்டில் மணப்பேச்சு எழும்போது என்ன செய்கிறோம்? நகையின் எடையைக் கேட்காமல் இருக்கிறோமா? கணவனை இழந்த நம் சகோதரியை மணமேடை அருகே வந்து வாழ்த்தச் சொல்கிறோமா? அண்டை அயலார் எவரும் நம் உறவினர் அல்லாத இவ்வெளியூரில், சுற்றத்தின் பழிச்சொல்லுக்கு அஞ்சவேண்டிய நிலை ஐயருக்கு இருந்ததைவிட நமக்கு மிகவும் குறைவு. அவர் 1889-இல் திருவல்லிக்கேணியில் வாழ்ந்துகொண்டு துணிந்ததை, இக்காலத்தில், இத்தனை தொலைவில் இருந்துகொண்டு நாம் செய்யத் தயங்குவதற்குக் காரணம் கூறமுடியுமா?

இவ்வினாவை வாசக அன்பர்கள் தத்தம் இல்லத்தில் வைத்து எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். மகளிர் பகுதியினரும் இளைஞர் பகுதியினரும் இதுபற்றித் தம் கருத்தை எழுதி அனுப்பினால், வரும் இதழ்களில் இடமளிக்கக் காத்திருக்கிறோம். தமிழிலேயே எழுதுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்கிறோம்.